வாவித் தண்ணீரில் பேஜ் தேடும் மாணவிக்கு

கேள்வி: நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. சொந்த ஊர் ஏறாவூர். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா நிமோனியா என்ற பக்டீரியாவின் ஸ்ட்ரெய்ன்கள் (உள்வகைகள்) மூன்றை வைத்து, அவற்றைக் கொல்லும் பேஜ் வைரசுகளைத் தேடுவது என் ஆய்வு. கல்லடிப் பாலத்தடியில் வாவித் தண்ணீர் எடுத்து வடிகட்டினேன். மூன்று ஸ்ட்ரெய்ன்களையும் அந்தத் தண்ணீரோடு ஒரே குடுவையில் சேர்த்து ஓர் இரவு வளர்த்தேன். குளோரோஃபோம் விட்டுக் குலுக்கி, தெளிந்த பகுதியைத் தட்டில் சொட்டு வைத்தேன். முதல் இரண்டு ஸ்ட்ரெய்ன்களிலும் சொட்டு விழுந்த இடம் தெளிவாகிறது. ஆனால் ஐதாக்கிப் போட்டால் தனித்தனிப் பிளாக் (ஒரு பேஜ் பெருகி உண்டாக்கும் தெளிந்த புள்ளி) ஒன்றும் வருவதில்லை; அந்தத் தெளிவு மங்கி மறைந்துவிடுகிறது. மூன்றாவதில் எதுவுமே இல்லை. வாவித் தண்ணீர்தான் சரியில்லையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் வாப்பாவுக்குச் சீனி வருத்தம். காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. நல்ல பேஜ் கிடைத்தால் அதைப் புண்ணில் விட்டுப் பார்க்கலாமா?

பதில்:

தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை ஒரு கிழமை பொறுக்கும், இது பொறுக்காது.

விட வேண்டாம். ஒரு சொட்டுக்கூட வேண்டாம். உங்கள் குழாயில் இருப்பது வெறும் பேஜ் அல்ல. வெடித்துச் செத்த கிளெப்சியெல்லாவின் உடைசல் முழுவதும் அதற்குள் கிடக்கிறது. அந்த உடைசலின் வெளிச்சவ்வில் உள்ள எண்டொடொக்சின் உடம்புக்குள் போனால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், அளவு கூடினால் இரத்த அழுத்தம் விழும். நாளத்தில் ஏற்றும் மருந்துகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 5 எண்டொடொக்சின் அலகுகள்தான் உச்ச வரம்பு. சுத்திகரிக்காத பேஜ் திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும், சிலவேளை இலட்சத்தைத் தாண்டும். புண்ணில் விடுவதும் நாளத்தில் ஏற்றுவதும் ஒன்றல்லதான். ஆனாலும் வடிகட்டி எங்காவது கசிந்திருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமியையே கொண்டுபோய் வாப்பாவின் காலில் வைத்தவராவீர்கள். இதையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும் ஒன்று மிஞ்சும்: அவருடைய புண்ணில் இருப்பது உங்கள் மூன்று ஸ்ட்ரெய்ன்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பேஜ் ஒரு ஸ்ட்ரெய்னைக் கொல்லும், பக்கத்து ஸ்ட்ரெய்னைத் தொடாமல் விட்டுவிடும். சீனி வருத்தக்காரரின் கால் புண்ணில் பெரும்பாலும் பல வகைக் கிருமிகள் கலந்தே இருக்கும்.

அவருக்கு இப்போது வேண்டியது வேறு. புண்ணைச் சுத்தம் செய்தபின் அதன் அடியிலிருந்து ஒரு சிறு திசுத் துண்டு எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மேலோட்டமாகப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிதான் அதிகம் வளரும். பாதத்தின் இரத்த ஓட்டம் பார்த்தார்களா, எலும்புக்குள் கிருமி இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா, அந்தக் காலில் பாரம் விழாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று மூன்றையும் விசாரியுங்கள். இரத்த ஓட்டம் இல்லாத காலுக்கு எந்த மருந்தும் போய்ச் சேராது. புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் பரவினால், தோல் கறுத்தால், நாற்றம் எடுத்தால், காய்ச்சல் வந்தால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

பேஜ் சிகிச்சை மனிதரில் நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜோர்ஜியாவின் திபிலீசியில் 1923இலிருந்து அதற்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. 2016இல் கலிபோர்னியாவில் டொம் பற்றர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் அடங்காத அசினெற்றோபக்டர் என்ற பக்டீரியாவின் தொற்றிலிருந்து பேஜ் ஏற்றியபின் பிழைத்தார். பெல்ஜியத்தில் வைத்தியரின் சீட்டுக்கு மருந்தகத்தில் தயாரித்துக் கொடுக்கச் சட்ட வழி இருக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் நோயாளியின் கிருமியை எடுத்து, அதற்குப் பொருந்தும் பேஜைத் தேடி, சுத்திகரித்து, எண்ணி, அதன் பிறகே கொடுக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்று நடக்க வேண்டுமென்றால் சிகிச்சை செய்யும் வைத்தியர், ஒழுக்கநெறிக் குழு, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை மூன்றும் உள்ளே வர வேண்டும். இணையத்தில் போத்தலில் விற்கிறதையும் வாங்கிவிட வேண்டாம்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம்.

சொட்டு விழுந்த இடம் தெளிந்தால் அங்கே பேஜ் இருக்கிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். தெளிந்தது என்பதற்கு, அங்கே ஏதோ ஒன்று பக்டீரியாவை வளரவிடவில்லை என்பது மட்டுமே பொருள். பேஜாக இருந்தால், பத்துப் பத்து மடங்காக ஐதாக்கிக்கொண்டு போகும்போது முழுத் தெளிவு ஒரு கட்டத்தில் உடைந்து எண்ணக்கூடிய புள்ளிகளாகப் பிரியும். அடுத்த ஐதாக்கலில் புள்ளிகள் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். உங்களுக்கு அப்படி உடையவில்லை, சீராக மங்கிப் போகிறது. நஞ்சோ இரசாயனமோ நீர்த்துப் போகும்போதுதான் இப்படி நடக்கும். ஆகவே தண்ணீரைக் குறை சொல்லும் முன் குடுவையைப் பாருங்கள்.

முதல் சந்தேகம், நீங்கள் மூன்று ஸ்ட்ரெய்ன்களையும் ஒன்றாகப் போட்டது. கிளெப்சியெல்லா தன் சொந்தக்காரரையே கொல்ல கிளெபிசின் என்ற புரத நஞ்சுகளைச் சுரக்கும். சுரக்கும் ஸ்ட்ரெய்னுக்கு அது ஒன்றும் செய்யாது, பக்கத்து ஸ்ட்ரெய்னைக் கொல்லும். மூன்றாவது சுரந்து முதல் இரண்டையும் கொன்றிருந்தால், நீங்கள் எழுதிய காட்சி அப்படியே வரும். மூன்றாவதில் ஒன்றும் தெரியாமல் போனதற்கும் அதுவே காரணமாகலாம். இரண்டாவது சந்தேகம் குளோரோஃபோம். அது தண்ணீரைவிடக் கனமானது, குழாயின் அடியில் தங்கும். பிப்பெற்று நுனி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் அதையும் சேர்த்து உறிஞ்சி வந்து தட்டில் வளரும் பக்டீரியாப் படலத்தில் வைத்திருப்பீர்கள். மூன்றாவது, வைத்தியசாலை ஸ்ட்ரெய்ன்களின் மரபணுவுக்குள்ளேயே புரோபேஜ்கள், அதாவது முன்பே உள்ளே புகுந்த பேஜ்கள், உறங்கிக் கிடப்பது சாதாரணம். ஒன்றிலிருந்து வெளியே வந்தது மற்றொன்றைத் தாக்கலாம். அப்படி வந்தால் பிளாக் கூடத் தெரியும். ஆனால் அது வாவியிலிருந்து வந்ததல்ல, உங்கள் குடுவைக்குள் பிறந்தது. இப்போது வராவிட்டாலும் பின்னர் ஏமாற்றக்கூடியது இதுதான்.

இவற்றைப் பிரித்தறியப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். அதே கலவைக் குடுவையை வாவித் தண்ணீருக்குப் பதிலாகக் கிருமிநீக்கிய தண்ணீர் விட்டு ஒரு தடவை செய்யுங்கள். அதிலும் சொட்டு தெளிந்தால் காரணம் வாவியல்ல. வெறும் வளர்ப்பூடகத்தில் குளோரோஃபோம் விட்டுக் குலுக்கி அதையும் சொட்டு வையுங்கள். அது தெளிந்தால் குற்றவாளி குளோரோஃபோம். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், தெளிந்த இடத்திலிருந்து கம்பி வளையத்தால் கொஞ்சம் எடுத்து, அந்த ஒரே ஸ்ட்ரெய்னின் புதிய வளர்ப்பில் போட்டு, வளர்த்து, வடிகட்டி மறுபடி சொட்டு வையுங்கள். இரண்டு சுற்றுப் போதும். பேஜ் பெருகும், தெளிவு நிற்கும். நஞ்சு பெருகாது, இரண்டாம் சுற்றில் காணாமல் போகும்.

குளோரோஃபோமை நான் உங்கள் நிலையில் விட்டுவிடுவேன். 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டி கையில் இருக்கும்போது அது தேவையில்லை. கொழுப்பு உறையுள்ள பேஜ்களையும் நூல் வடிவப் பேஜ்களையும் அது அழித்துவிடும். கண்ணாடி போலத் தெரியும் பொலிஸ்டைரீன் குழாயை வெண்மையாக்கிக் கரைக்கும். பொலியீதர்சல்போன் வடிகட்டியையும் கெடுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வடிகட்டி கிழிந்ததுகூடத் தெரியாது.

அடுத்த சுற்றை இப்படி வையுங்கள். தண்ணீரை 5,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். ஜி வேறு, நிமிடச் சுழற்சி எண்ணிக்கை வேறு. அது ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது, பழைய இயந்திரத்தின் முகப்பில் தெரியும் எண்ணை ஜி என்று எழுதிவிட வேண்டாம். மேலே தெளிந்ததை முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விடுங்கள். நேரே 0.22இல் விட்டால் வாவித் தண்ணீரின் பாசி ஐந்தாறு மில்லிலீற்றரிலேயே அதை அடைத்துவிடும், சிரிஞ்சை அழுத்திக் கிழிப்பதுதான் மிச்சம். நைலோன் வடிகட்டி வேண்டாம், அது பேஜைப் பிடித்துவைக்கும்.

வடிகட்டியதில் 20 மில்லிலீற்றர், இரட்டைச் செறிவுள்ள எல்பி என்ற வளர்ப்பூடகம் 20 மில்லிலீற்றர், ஒரேயொரு ஸ்ட்ரெய்னின் இளம் வளர்ப்பு 1 மில்லிலீற்றர். அதனுடன் 1 மோலர் கல்சியம் குளோரைட்டு 40 மைக்ரோலீற்றர். பல பேஜ்கள் கல்சியம் இல்லாமல் பக்டீரியாவில் ஒட்டாது. கல்சியத்தைத் தனியே கிருமிநீக்கி, ஊடகம் ஆறியபின் சேருங்கள், சேர்த்துக் காய்ச்சினால் வெண்படிவு விழும். ஸ்ட்ரெய்னுக்கு ஒரு குடுவை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாவித் தண்ணீர் இல்லாத ஒரு குடுவை, ஆக ஆறு. 37 பாகை செல்சியசில் மெதுவாகக் குலுங்கியபடி ஓர் இரவு. காலையில் சுழற்றி, வடிகட்டி, சொட்டு வையுங்கள். தெளிந்தால் உடனே 10⁻¹ முதல் 10⁻⁸ வரை ஐதாக்கி இரட்டை அடுக்குத் தட்டு போடுங்கள்.

இரட்டை அடுக்கில்தான் பாதிப்பேர் தடுக்கி விழுகிறார்கள். அடி அகார் 1.5 சதவீதம், மேல் அகார் 0.5 சதவீதம். மேல் அகார் 0.7க்கு மேல் போனால் பேஜ் பரவ இடமில்லாமல் பிளாக் ஊசிமுனையளவில் நின்றுவிடும். மேல் அகாரைத் தண்ணீர்த் தொட்டியில் 46 முதல் 48 பாகைக்குள் வைத்திருங்கள். 50ஐத் தாண்டினால் பக்டீரியா சாகும், 42க்குக் கீழே வந்தால் ஊற்றும்போதே கட்டி விழும். தொட்டியின் முகப்பு எண்ணை நம்பாமல் குழாய்க்குள்ளேயே வெப்பமானி விட்டுப் பாருங்கள். ஐதாக்கியது 100 மைக்ரோலீற்றர், இளம் வளர்ப்பு 200 மைக்ரோலீற்றர் இரண்டையும் சேர்த்து 10 நிமிடம் சும்மா விடுங்கள், பேஜ் ஒட்டட்டும். பிறகு 4 மில்லிலீற்றர் மேல் அகார் விட்டு, குமிழி எழாமல் உருட்டி, தட்டில் ஊற்றி உடனே சாய்த்துப் பரப்புங்கள்.

இளம் வளர்ப்பு என்று நான் சொல்வது, இரவு வளர்ப்பை நூறில் ஒன்றாகப் புதிய ஊடகத்தில் விட்டு இரண்டு, இரண்டரை மணி நேரம் வளர்த்து, 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி 0.4ஐத் தொட்டதை. இரவு வளர்ப்பையே நேரே போட்டால் களைத்த பக்டீரியாவில் பேஜ் பெருகாது. நம்ம பக்கத்து ஈரக் காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. தட்டின் மேல் மூடியில் வியர்த்த நீர் சொட்டி, பிளாக்குகளைத் தேய்த்து வால் போன்ற கோடுகளாக்கிவிடும். அடி அகார்த் தட்டுகளைப் பாதுகாப்பு அறைக்குள் மூடியைச் சற்றே திறந்து 20 நிமிடம் காயவையுங்கள். மேல் அகார் இறுகியதும் கவிழ்த்து வைத்து வளருங்கள்.

கிளெப்சியெல்லாவின் படலம் கொழகொழவென்று தடித்து வளரும். காலையில் பார்த்தால் சிறிய பிளாக்குகள் அதற்குள் மூழ்கியிருக்கும். ஆகவே 5, 6 மணி நேரத்தில் ஒரு முறை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக முழுத் தெளிவும், அதைச் சுற்றிக் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல் வளையமும் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். பக்டீரியாவின் சர்க்கரை உறையை அரிக்கும் நொதி பேஜிலிருந்து பரவுகிறது என்பதற்கு அது அடையாளம். தட்டை இன்னும் ஓரிரண்டு நாள் வைத்தால், பிளாக் அப்படியே நிற்க, வளையம் மட்டும் அகலும். அகலத்தை அளந்து எழுதிவையுங்கள், ஆய்வறிக்கையில் ஒரு நல்ல அட்டவணை கிடைக்கும்.

எண்ணுவதற்கு 30 முதல் 300 பிளாக் வரை உள்ள தட்டை மட்டும் எடுங்கள். 10⁻⁶ ஐதாக்கலில் 0.1 மில்லிலீற்றர் போட்டு 84 பிளாக் வந்தால், 84ஐ 0.1 பெருக்கல் 10⁻⁶ ஆல் வகுக்க, மில்லிலீற்றருக்கு 8.4 × 10⁸. போட்ட கனவளவால் வகுக்க மறந்து பத்து மடங்கு குறைத்து எழுதுவதுதான் வழக்கமான பிழை. பிறகு தனியாக நிற்கும் ஒரு பிளாக்கைக் குத்தியெடுத்து, கரைத்து, மறுபடி தட்டில் போட வேண்டும். மூன்று சுற்றுக்குக் குறையாமல் செய்யுங்கள். பிளாக்குகள் எல்லாம் ஒரே அளவில் வரும்வரை அது ஒரு பேஜ் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் விடயம். கல்லடியில் எடுத்தது பிழையில்லை, ஆனால் தேடுவது மனிதக் குடலிலும் வைத்தியசாலையிலும் வாழும் கிருமியின் எதிரியை. அந்தக் கிருமி எங்கே செறிந்து கிடக்கிறதோ அங்கேதான் பேஜும் கிடக்கும். வைத்தியசாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியின் நுழைவாய் முதல் தெரிவு. அனுமதிக் கடிதத்தோடு போய், குளோரின் சேர்க்கும் இடத்துக்கு முன்னால் எடுங்கள். குளோரின் பட்ட நீர்தான் கிடைக்குமென்றால், 100 மில்லிலீற்றர் போத்தலில் 10 சதவீத சோடியம் தயோசல்பேற்று 0.1 மில்லிலீற்றரை முன்கூட்டியே விட்டுக்கொண்டு போங்கள். வாவியிலேயே எடுப்பதானால் நகரத்து வடிகான்கள் வந்து விழும் வாயில் சேற்றோடு எடுங்கள்; பேஜ்கள் களிமண் துணிக்கையில் ஒட்டிக் கிடக்கும். 10 கிராம் சேற்றை 90 மில்லிலீற்றர் எஸ்எம் கரைசலில் (அதன் அளவுகள் கீழே சேமிப்பில் இருக்கின்றன) அரை மணி நேரம் குலுக்கி, பிறகு சுழற்றி வடிகட்டுங்கள். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டபின் எடுத்த தண்ணீரில் வெள்ளம்தான் இருக்கும். கோடையில், நீர் வற்றிய நாட்களில் எடுப்பது மேல்.

ஆனாலும் வாவியையோ குளத்தையோ நான் தள்ளிவிடவில்லை. அமெரிக்காவின் கனெற்றிகட்டில் ஒரு குளத்துத் தண்ணீரிலிருந்துதான் சூடோமோனாஸ் என்ற பக்டீரியாவைத் தாக்கும் ஓஎம்கேஓ1 என்ற பேஜ் கிடைத்தது. தென்னாபிரிக்காவின் டர்பனில் 2010இல் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து பிரித்தெடுத்த பேஜ், 2018இல் லண்டனில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த கலவையில் ஒன்றாக இருந்தது.

பேஜ் கையில் வந்தபின் முதலில் பார்க்க வேண்டியது, அது உண்மையில் கொல்லும் வகையா, உள்ளே போய் உறங்கும் வகையா என்பது. பிளாக்கின் நடு மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த நடுவில் வளரும் பக்டீரியாவை எடுத்து மூன்று தடவை தனிக் கொலனியாகப் பிரித்து, அதே பேஜுக்கு அசையாமல் நிற்கிறதா, தன் வளர்ப்புத் திரவத்தில் பேஜைத் தானே வெளிவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் அது சிகிச்சைக்கு ஆகாது. உறங்கும் பேஜ்கள் ஒரு பக்டீரியாவின் மரபணுவை இன்னொன்றுக்குக் கடத்தக்கூடியவை. வாந்திபேதிக் கிருமிக்கு நஞ்சைக் கொடுத்ததே ஒரு பேஜ்தான். மரபணு வரிசை பார்க்க வசதி கிடைத்தால், இன்ரிகிறேஸ் (பேஜைப் பக்டீரியாவின் மரபணுவுக்குள் சேர்க்கும் நொதி), நஞ்சு, மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் மூன்றையும் அதில் தேடுங்கள்.

பேஜ் மூன்று ஸ்ட்ரெய்ன்களில் எவற்றைத் தாக்கும் என்ற பரப்பெல்லையைச் சொட்டால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். அதே திரவத்தை ஒவ்வொன்றிலும் எண்ணி, பேஜை வளர்த்த ஸ்ட்ரெய்னில் வந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் நன்று, 0.1 வரை நடுத்தரம், 0.001 வரை பலவீனம். உறைவகை மாறினால் பேஜ் மாறும் என்பதால், ஒரு பேஜ் மூன்றிலும் வேலை செய்யாவிட்டால் அதில் வியப்பில்லை.

என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வின் உயிர் அடுத்த படியில்தான் இருக்கிறது. குழாயில் பேஜும் பக்டீரியாவும் சேர்த்து 24 மணி நேரம் ஒளியடர்த்தி பாருங்கள். முதல் சில மணி நேரத்தில் கலங்கல் தெளியும், பெரும்பாலும் விடிவதற்குள் மீண்டும் கலங்கும். பேஜுக்கு எதிர்ப்புப் பெற்றவை எழும்பிவிட்டன என்று பொருள். பலர் அதோடு ‘பேஜ் தோற்றது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படி எழும்பிய பத்துக் கொலனியைப் பிரித்தெடுத்து, பழையபடி மருந்து தோய்த்த வட்டுகள் வைத்து, அவற்றைச் சுற்றிப் பக்டீரியா வளராத வலயங்களை மூல ஸ்ட்ரெய்னோடு ஒப்பிடுங்கள். சற்று முன் சொன்ன ஓஎம்கேஓ1, சூடோமோனாஸ் மருந்தை வெளியே தள்ளும் பம்பின் வாயிலேயே ஒட்டுகிறது. அதற்குத் தப்ப பக்டீரியா பம்பை மாற்றினால், பழைய மருந்து மறுபடி வேலை செய்கிறது. கிளெப்சியெல்லாவில் உறையை இழந்து தப்புவது அடிக்கடி நடக்கும். கொலனி கொழகொழப்பு இழந்து வறண்டு தெரிவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். உறை போன கிளெப்சியெல்லா நம் இரத்தத்தின் எதிர்ப்பு ஆற்றலுக்கு எளிதில் அகப்படும்.

சேமிப்பு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள், பேஜை அளந்துதான் வைக்கவும் வேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயப் புண்களுக்கு 12 பேஜ்களின் கலவை கொடுத்து 27 பேரில் நடத்திய பரிசோதனையில், மில்லிலீற்றருக்கு 10⁶ கொடுப்பதாக நினைத்தார்கள். தயாரித்தபின் எண்ணிக்கை சரிந்து, நோயாளிக்குப் போனது 10² அளவுதான். பலன் போதாமல் பரிசோதனை முன்கூட்டியே நின்றது. உங்கள் பேஜை எஸ்எம் கரைசலில் 4 பாகையில் வையுங்கள். ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 5.8 கிராம், நீரேறிய மக்னீசியம் சல்பேற்று 2 கிராம், பிஎச் 7.5இல் உள்ள 1 மோலர் ட்ரிஸ் 50 மில்லிலீற்றர். கிளிசரோல் சேர்க்காமல் உறைய வைக்க வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் பிரிட்ஜில் உறைந்து உருகி உறைந்தால் பேஜின் தலை வெடித்துவிடும். மாதம் ஒரு தடவை எண்ணி, குழாயிலேயே திகதியோடு ஒட்டுங்கள். ஸ்ட்ரெய்ன்களையும் தட்டுகளையும் ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டாம். கழிவை 121 பாகையில் 30 நிமிடம் காய்ச்சியபின்தான் வெளியேற்ற வேண்டும்.

மூன்றாம் ஸ்ட்ரெய்னுக்குக் கடைசிவரை ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எந்தெந்த இடத்துத் தண்ணீர், எந்தத் திகதி, எத்தனை மில்லிலீற்றர், வெறுங் குடுவை என்ன காட்டியது என்ற நான்கையும் அட்டவணையாக வைத்திருந்தால், ‘கிடைக்கவில்லை’ என்பதையும் முடிவாகவே எழுதலாம். அதை எழுத மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.